நிலவறையில் ஒரு காஸ் லெக்

தெருவுக்கு மூன்று கடைகளில் நல்ல பியர் விற்கிற ஜெர்மனியில், பான் நகரத்து வாடகை வீடொன்றின் நிலவறையில் குந்தியிருந்து சொந்தமாகப் பியர் காய்ச்சுகிறவனுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் எவரும் நினைப்பார்கள். எனக்கு வேலை இருந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படியிருந்தும் காய்ச்சினேன்.

முதலில் போத்தல்களில் அடைத்தேன். அறுபது போத்தல்களைக் கழுவித் துடைத்து மூடி அடித்து முடிக்க ஒரு சனிக்கிழமை போய்விடும். ஆகவே நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு பழைய உருக்குப் பீப்பாயும் ஒரு காஸ் சிலிண்டரும் வாங்கினேன். அப்படி மிச்சம் பிடித்த நேரம் முழுவதையும், அதற்கு மேலும் சில கிழமைகளையும், காஸ் எங்கே போகிறது என்று தேடுவதில் செலவழித்தேன்.

ஏற்பாடு எளிமையானது. சிலிண்டரில் இருப்பது காபனீரொட்சைட்டு, சோடாவில் குமிழி விடுகிற அதே வாயு. சிலிண்டரின் தலையில், அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் ஒரு கருவி, அதில் இரண்டு முள் வட்டங்கள். அங்கிருந்து ஒரு குழாய் பீப்பாய்க்குப் போகும். காஸ் பியரை அழுத்த, பியர் குழாய்வாயால் வரும். ஒரு சிலிண்டர் அரை வருஷம் பாவிக்கலாம் என்று விற்றவர் சொன்னார். எனக்கு ஐந்து நாள் வந்தது.

இரண்டாவது சிலிண்டரும் அப்படியே முடிந்தது. மூன்றாவதை வாங்கப் போனபோது, கடைக்காரர் வெற்றுச் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டில் பெரிய கொண்டாட்டமா?" என்று கேட்டார். இன்னும் ஒரு கிளாஸ்கூடக் குடிக்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பெரிய குடும்பம் என்றேன். எங்கள் நாட்டு ஆட்களைப் பற்றி அவர் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்திருந்தார் போலும், மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

இணையத்தில் பியர் காய்ச்சுகிறவர்களின் சபை ஒன்று உண்டு. அங்கே எனக்கு நிறைய உதவி கிடைத்தது. ஒருவர் மூடியின் ரப்பர் வளையம்தான் என்று அடித்துச் சொன்னார். மாற்றினேன். இன்னொருவர் குழாய் என்றார். அதையும் மாற்றினேன். மூன்றாமவர், என்னைப் போன்றவர்கள் போத்தலோடேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார். அவர் ஒருவர்தான் சரியாகச் சொன்னார், ஆனால் அந்த நேரத்தில் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது.

பிறகு சவர்க்கார நீர். கசிகிற இடத்தில் தெளித்தால் குமிழி வரும் என்பது விஞ்ஞானம். நான் எதையும் குறைவாகச் செய்கிறவன் அல்ல என்பதால் போத்தலில் பாதிக்குச் சவர்க்காரம் விட்டுக் குலுக்கித் தெளித்தேன். பீப்பாயும் சிலிண்டரும் நிலமும் என் காற்சட்டையும் நுரையால் மூடிப்போயின. உடுப்புக்கூடையோடு வந்த மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஓட்டையைத் தேடுறியளோ, இல்லாட்டி குளிப்பாட்டுறியளோ?"

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், லைப்சிக்கில் இருக்கும் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். எனக்கு இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்தவர் அவர்தான். நிலவறையில் சிக்னல் வராது. அதனால் பொதுப் படிக்கட்டில் நின்று, லைப்சிக்குக்கு நேரடியாகவே கேட்கும்படி கத்தினேன்.

"அண்ணை, இது பெரிய காஸ் லெக். கெல்லர் முழுக்கக் காஸ்தான் நிக்குது போல. என்னாலை ஏலாது."

"நட்டை இறுக்கினனியோ?"

"ஓம், ஸ்பானர் வளையிற அளவுக்கு."

கீழ்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். குப்பை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் காஸ், லெக், கெல்லர் என்ற மூன்று சொற்களும் அசல் ஜெர்மன். நிலவறையில் காஸ் கசிகிறது என்று விளங்குவதற்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அவர் ஒரு நல்ல குடிமகள் செய்ய வேண்டியதைச் செய்தார்.

தீயணைப்பு வண்டி வந்தபோது நான் இன்னும் அண்ணனோடுதான் கதைத்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தில் இருந்த எல்லோரையும் தெருவுக்கு இறக்கினார்கள். மூன்றாம் மாடிக்காரர் ஈரத்தலையோடு குளியல் அங்கியில் நின்றார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்தாள். யாருடைய காஸ் என்று அதிகாரி கேட்டார். ஆசிரியை மிகுந்த மரியாதையோடு என்னைக் காட்டினார்.

அதிகாரி ஒரு கருவியோடு கீழே போய்வந்தார். வெடிக்கிற வாயு எதுவும் இல்லை என்றதும் தெருவே மூச்சுவிட்டது. நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அங்கே எவ்வளவு நேரம் இருப்பீர்கள்?"

"பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம்."

"கதவைத் திறந்து வைத்தா?"

"பூட்டி."

"தலையிடி வருமா?"

ஒரு கிழமையாக எனக்குத் தலையிடி இருந்தது. அதற்கு மனைவியின் நக்கல்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, நிலத்தில் தேங்கும், நீங்கள் குந்தியிருக்கும் உயரத்தில்தான் இருக்கும். ஒரு நாள் எழும்ப முடியாமல் போயிருக்கும்.

மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள். பகிடி ஒன்றும் விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்குள் போன பிறகு, "பிள்ளையள் சைக்கிள் எடுக்க அங்கைதானே போறதுகள்" என்றாள்.

மறுநாள் எல்லாவற்றையும் பல்கனிக்குத் தூக்கி வந்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பீப்பாயைக் கழற்றி ஒதுக்கினேன். குழாயையும் கழற்றினேன். கருவியின் வாயை அடைத்து, சிலிண்டரை ஒருமுறை திறந்து மூடிவிட்டு முள்ளைப் பார்த்தேன். முள் இறங்கியது. அப்படியென்றால் நான் மாற்றிய வளையத்திலும் குழாயிலும் ஒரு பிழையும் இல்லை. அவை ஒரு குற்றமும் செய்யாமல் குப்பைக்குப் போயிருந்தன. சிலிண்டரைத் திரும்பத் திறந்து, கருவியைப் பூட்டுகிற பெரிய நட்டில், இந்த முறை அளவாக, ஒரு சொட்டுச் சவர்க்கார நீர் விட்டேன். பாசிமணி போல ஒரு குமிழி வந்து, பெருத்து, உடைந்தது.

கழற்றிப் பார்த்தால் உள்ளே வாஷர் இல்லை. இரும்பை இரும்போடு வைத்துத்தான் இத்தனை நாளும் இறுக்கியிருக்கிறேன். கருவி வந்த பெட்டியைத் தேடி எடுத்தேன். அடியில் ஒரு சின்னப் பை, அதற்குள் இரண்டு வெள்ளை வளையங்கள். கூடவே நான்கு மொழிகளில் ஒரு கையேடு, முதற்பக்கத்திலேயே வாஷரின் படம். நான் மூன்று மொழி வாசிப்பவன். அவற்றில் இரண்டு அந்தக் கையேட்டில் இருந்தன.

வளையத்தைப் போட்டேன். முள் அசையவில்லை. ஒரு கிழமை கழித்தும் அசையவில்லை.

நிலவறைக்கு நான் திரும்பிப் போகவில்லை. மனைவி விடவும் இல்லை. பீப்பாய் பல்கனியிலேயே நின்றது. வெயில் தொடங்கிய ஒரு ஞாயிறு பின்னேரம் முற்றத்துக்கு இறக்கி, அன்று தெருவில் நின்ற எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக அவர்களை அழைத்தேன். ஆசிரியை ஒரு வாய் குடித்துவிட்டு, யோசித்து, "மோசமில்லை" என்றார். இந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. இரண்டாவது கிளாஸை அவரே ஊற்றினார்.

மூன்றாம் மாடிக்காரர் கிளாஸோடு என் பக்கத்தில் வந்தார். அவருடைய ஹீட்டர் ஒரு மாதமாகத் தட்டுகிறதாம். பிழை பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்டாராம், ஒருக்கால் வந்து பார்க்க முடியுமா என்றார்.

"ஏலாதெண்டு சொல்லுங்கோ" என்றாள் மனைவி தமிழில், அவரைப் பார்த்துச் சிரித்தபடி.

நான் அதற்குள் தலையாட்டிவிட்டிருந்தேன்.