துரைக்கு ஒரு பங்கு

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருடங்கள் இருக்கும். அப்போது நாங்கள் திருவொற்றியூரில், கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. கிழிந்த மூட்டைகளுக்குக் கோணி ஊசியால் தையல் போட வேண்டும். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. மீனவர்கள் நடுவில் அத்தனை காலம் குடியிருந்தும், அவர்கள் வலை இழுக்கும் பக்கம் ஒரு நாளும் போய் நின்றதில்லை. அவர்களுடைய கேலிக்குப் பயம்.

கிடங்கில் மூட்டை அடுக்குக்குப் பின்னால் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து வளர்த்தேன். நீளக் கால்களோடு வெள்ளை வெளேரென்று வளர்ந்தது. நிறத்தைப் பார்த்துக் குப்பத்து ஜனங்களே துரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வயது தாண்டியதும் துரையை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. காலையில் சங்கிலியில் கட்டிவிட்டுப் போனால் சாயங்காலம் வரை குரைக்கும். கதவைப் பிறாண்டும். என் மனைவியின் முறத்தைக் கடித்துக் குதறும். பசியாக்கும் என்று இன்னும் சோறு போட்டோம். ஆட்டம் இன்னும் கூடியது. சங்கிலியைக் குட்டையாக்கினேன். அதற்கு ஊளையே வந்துவிட்டது.

ஒரு நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டு மீன்காரம்மா மணலில் காயப்போட்டிருந்த வலையைக் கிழித்துவிட்டது. அந்த அம்மா புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். அந்தப் புருஷன் விட்டுப்போன வலைத்துண்டைக் குப்பத்தின் பெரிய வலையோடு சேர்க்கக் கொடுத்து, அதற்குக் கிடைக்கும் பங்கு மீனை விற்றுத்தான் பிழைத்தார். நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம்.

"இன்னாய்யா நாய் வளக்குற நீ? என் சோத்துல மண்ணப் போட்டுட்ச்சே உன் தொரை!"

"அக்கா..." என்றேன். அறுந்த சங்கிலியோடு துரையை என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

குப்பத்துத் தலைவர் ஒரே முடிவாகச் சொன்னார். "இந்தாப்பா, ஞாயித்துக்கெழமைக்குள்ள இத்த எங்கனா கொண்டுபோய் வுட்டுடு. அப்பாலயும் இங்க கண்டேன்னா நாய் வண்டிக்கு நானே சொல்லி அனுப்பிடுவேன்."

தெருநாய் பிடிக்கும் அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை.

காத்திவாக்கத்தில் உப்பளக் காவலாளி ஒருவர் நாய் வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஞாயிறு விடிந்ததும் துரையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கடலோரமாகவே நடந்தேன். குப்பத்தின் எல்லையில் பெரிய வலையைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீரோட்டம் பலம், ஆட்கள் குறைவு. வலை நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போய்விடலாம் என்று பார்த்தேன். துரை கயிற்றை என் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடிப்போய், வலைக் கயிற்றின் நுனியைக் கவ்விக்கொண்டது.

"ஐயோ, மறுபடியும் கடிக்குதுய்யா!" மீன்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒருவர் துடுப்பை ஓங்கினார். எனக்கு உயிரே போய்விட்டது.

ஆனால் துரை கயிற்றைக் கடித்துக் குதறவில்லை. பின்னங்கால்களை மணலில் ஊன்றிக்கொண்டு, ஆட்கள் இழுத்தபோது இழுத்தது. அவர்கள் மூச்சு வாங்க நின்றபோது அதுவும் நின்றது.

"இன்னாடா இது, நம்மாளு மாரியே இஸ்க்குது!" என்றார் துடுப்பை ஓங்கியவர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தலைவர் மட்டும் சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார். "நாயே இஸ்க்குது, நீ இன்னா மாப்ள மாரி வேடிக்கை பாத்துகினு கீற? புடி நைனா கயித்த!"

பிடித்தேன். உள்ளங்கைத் தோல் உரிய இழுத்தேன். வலை கரையேறியபோது வெயிலும் ஏறியிருந்தது. துரை அலைக்குள் பாய்வதும் கரைக்கு ஓடி வருவதுமாக இருந்தது. "இன்னிக்கு வூட்டுக்கே இட்டுகினு போ. நாளைக்குப் பாக்கலாம்" என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்த துரை, தண்ணீர் குடித்துவிட்டு வாசலில் விழுந்து தூங்கியது. நான் கட்டக்கூட இல்லை. மீன்காரம்மா கிழிசல் தைத்த தன் வலையை அதன் மூக்கில் உரசுகிற மாதிரி இழுத்துக்கொண்டு போனார். ஒரு காதுகூட அசையவில்லை. "செத்துகித்துப் பூட்ச்சா?" என்று குனிந்து பார்த்தார். துரை குறட்டை விட்டது.

"ஓட்டமில்லாமத்தான் இந்தப் பாடு படுத்திகீது. நாளெல்லாம் கட்டிப்போட்டா நீகூடத்தான் கொலைப்பே" என்றாள் என் மனைவி.

மறுநாளிலிருந்து விடிந்ததும் எண்ணூர்ப் பக்கமாக மணலில் ஓட்டம். துரை முன்னால், நான் பின்னால். "தொரை போறாரு, பட்லர் பின்னால ஓடுறாரு பாரு!" என்று கட்டுமரத்திலிருந்து கத்துவார்கள். காது சிவந்துபோகும். ஆனாலும் ஓடினேன். திரும்பும் வழியில் இருவரும் வலை இழுப்போம். அதன் பிறகு நான் வேலைக்குப் போவேன், அது தூங்கப் போகும். குரைப்பு நின்றது. புது முறம் முழுசாக இருந்தது. மீன்காரம்மாவின் வலை அதன் எதிரிலேயே காய்ந்தது. தலைவர் தினமும் துரையைப் பார்ப்பார். "நாளைக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். வேலைக்குக் கிளம்பும்போது நாய் வண்டி எங்காவது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவேன்.

கயிறு பிடித்த ஒவ்வொருவருக்கும் மீனில் பங்கு உண்டு என்பது அங்கே வழக்கம். நான் கூச்சப்பட்டு, பங்கு பிரிப்பதற்கு முன்பே நழுவிவிடுவேன். ஒரு நாள் காரப்பொடி மீனும் வாளை மீனுமாக வலை பிதுங்கியது. கூட்டத்தில் நழுவ வழியில்லை. தலைவர் எனக்கும் ஒரு குவியல் ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"இரு தலைவரே, இன்னும் ஒரு பங்கு வை" என்றார் மீன்காரம்மா.

"யாருக்கு?"

"தொரைக்கு. கயிறு புடிச்சவனுக்குப் பங்கு கீதா இல்லியா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "இன்னாப்பா, உன் நாய்க்குப் பங்கு கேக்குது இந்தம்மா. நீ இன்னா சொல்ற?"

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. கீழே பார்த்தேன். துரை நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு என் காலடியில் நின்றது.

"வைங்கண்ணே. தெனம் என்னிய விட அதுதான் நல்லா இஸ்க்குது" என்றேன். என் குரல் கடல் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது எனக்கே ஆச்சரியம்.

"தொரைக்கு ஒரு பங்கு!" என்று தலைவர் கூவினார். கரையே ஆரவாரம் செய்தது. துரை தன் பங்கில் ஒரு வாளையைத் தின்றுவிட்டு, மீன்காரம்மாவின் வலைமேலேயே படுத்துத் தூங்கிவிட்டது. யாரும் விரட்டவில்லை. தலைவர் அன்றைக்கு "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவே இல்லை.

இப்போது துரைக்கு வயதாகிவிட்டது. மணலில் நடை மட்டும்தான். யாராவது தன் நாய் கெட்ட நாய் என்று அலுத்துக்கொண்டால், நானே வலியப் போய் "காலையில எவ்ளோ தூரம் ஓட வுட்டீங்க?" என்று கேட்கிறேன்; முன்பின் தெரியாதவரிடம் அப்படிக் கேட்க எனக்கு வாய் வந்ததே, அதுவும் துரை வாங்கிக்கொடுத்த பங்குதான்.