எதிர்வீட்டில் கொடுக்கவும்

பாத்திரக்கடையில் பாத்திரம் விற்பது பாதி வேலை, அதில் பெயர் வெட்டிக் கொடுப்பது மீதி வேலை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் எவர்சில்வர் கடை பல வருடமாக இந்த இரண்டையும் ஒழுங்காகத்தான் செய்து வந்தது. பிறகு நாங்கள் ஆன்லைனுக்குப் போனோம். அன்றிலிருந்து எது பாதி, எது மீதி என்று எனக்குப் புரியவில்லை.

ஆசைப்பட்டுப் போகவில்லை, கெடு வைத்ததால் போனோம். கடை இருக்கும் கட்டடம் என் வீட்டுக்காரரின் அண்ணனுடையது. அவர் பெங்களூரில் இருக்கிறார். ஆடி மாதம் ஊருக்கு வந்தவர் ஒரு மத்தியானம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்கு வந்தது மூன்று பேர், அதிலும் ஒருவர் சில்லறை மாற்ற வந்தவர். "ஆன்லைன்ல ஏத்திப் பாருங்க. பொங்கலுக்குள்ள பிடிச்சுக்கிச்சுன்னா கடை இருக்கட்டும். இல்லாட்டி இடத்தை செல்போன் கடைக்கு விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார். கடை போனால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறு தொழில் தெரியாது. வாசலில் மெஷினை வைத்துக்கொண்டு பெயர் வெட்டும் ஜமால் பாய்க்கும் தெரியாது. ஆகவே, கடையை ஆன்லைனில் ஏற்றிவிட்டு முழித்துக்கொண்டிருக்கும் சக வியாபாரிகளே, இதைப் படித்து ஆறுதல் அடையுங்கள். உங்களுக்கு ஏதாவது விளங்கியிருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

குடத்துக்குள் மூன்று பேர்

வெப்சைட்டை தில்லைநகரில் ஒரு ஆபீசில் செய்து கொடுத்தார்கள். "படம் மட்டும் நீங்களே எடுத்து அனுப்பிடுங்க மேடம்" என்றார்கள், ஏதோ சின்ன வேலை மாதிரி. எவர்சில்வரைப் படம் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதில் நாம்தான் தெரிவோம். மறைப்பாக ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிப் பார்த்தோம். குடம் பூராவும் வேட்டிக் கரை.

ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டி, கடைசியில் எடுத்ததிலேயே சுமாரான ஒன்றை ஏற்றினோம். அதில் என் வீட்டுக்காரர் போனைப் பிடித்தபடி, நான் ட்யூப்லைட்டைத் தூக்கிக்கொண்டு, பின்னால் ஜமால் பாய் டீ குடித்தபடி, குடத்தின் வயிற்றில் குடும்பத்தோடு நின்றோம். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் திண்டுக்கல்லில் இருந்து முதல் போன் வந்தது. அந்த அம்மா ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: "குடம் பிடிச்சிருக்குங்க. உள்ள மூணு பேர் நிக்கிறாங்களே, அவங்க இல்லாம கிடைக்குமா?"

கூடையில் போட்டவர்கள்

வெப்சைட்டில் பொருளைப் பார்ப்பவர்கள் பிடித்தால் கூடையில் போட்டு வைப்பார்கள், பிறகு பணம் கட்டுவார்கள் என்று ஆபீசில் சொல்லிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் இதை அவருக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டார். எங்கள் கடையில் ஒருவர் "எடுத்து வைங்க, சாமி கும்பிட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், அந்தப் பாத்திரத்தை வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டோம். அது கடையின் பழக்கம். ஆன்லைனில் கூடையில் போட்டவர்களுக்கும் அதே மரியாதை கொடுத்தார். ஒவ்வொன்றாக அலமாரியில் இருந்து இறக்கி, சீட்டு எழுதி ஒட்டி, உள் அறையில் அடுக்கினார். பத்து நாளில் உள் அறை நிரம்பி அலமாரி காலியாகிவிட்டது. நேரில் வந்தவர்கள் "என்ன, கடையைக் காலி பண்றீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது.

ஒருத்தர்கூடப் பணம் கட்டவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, பெரிய இட்லிப் பானையைக் கூடையில் போட்டிருந்த ஈரோட்டுப் பெண்ணுக்கு, வெப்சைட்டில் பதிந்திருந்த நம்பரைப் பார்த்து இவரே போன் செய்தார். "பதினோரு நாளா உங்க பானையை எடுத்து வச்சிருக்கோம்மா, எப்ப வாங்கிக்கறீங்க?" என்றார். அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள்: "அய்யோ, அது பஸ்ல பொழுது போகாம போட்டதுங்க. எல்லாக் கடையிலயும் போட்டு வச்சிருக்கேன், இதுவரைக்கும் யாருமே போன் பண்ணினது இல்ல!"

அடுத்த தெரு பார்சல்

ஐப்பசியில் ஒரு நல்ல ஆர்டர் வந்தது. மூடி போட்ட சம்புடம் ஐந்து, அடுக்காக. விலாசத்தைப் பார்த்தால் எங்கள் அடுத்த தெரு. தினமும் பெருமாள் சேவித்துவிட்டு எங்கள் கடை வழியாகப் போகும் மாமி. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். ஆன்லைன் ஆர்டர் கூரியரில் போனால்தான் கணக்கில் ஏறும், பெங்களூர் அண்ணன் கணக்கைத்தான் பார்ப்பார் என்று என் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் இருக்கும் கூரியரில் கொண்டுபோய்ப் போட்டோம். சம்புடம் அங்கிருந்து மதுரைக்குப் போய், மதுரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, திருவானைக்காவலுக்கு வந்து இரண்டு நாள் தங்கியது.

இதற்குள் மாமி தினமும் கடை வாசலில் நின்று, "பார்சல் எங்கே வந்துண்டிருக்கு?" என்று விசாரித்தார். ஐந்தாம் நாள் எனக்கே தாங்கவில்லை. "மாமி, இதே சம்புடம் இங்கேயே இருக்கு. கையோட எடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்றேன். மாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "நான் வாங்கிண்டு போனா, இருக்கற பாத்திரம் போதாதாம்பார் எங்காத்துக்காரர். பார்சல்ல வந்தா பிள்ளை அமெரிக்காலேர்ந்து அனுப்பிச்சிருக்கான்னு அவரே பிரிச்சு அடுக்கி வச்சுடுவார்."

ஆறு டம்ளர்

இனி ஜமால் பாய் கதைக்கு வர வேண்டும். பாய்க்கு ஒரு சட்டம் உண்டு. சீட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வெட்டுவார், கூட்டவும் மாட்டார் குறைக்கவும் மாட்டார். ஒரு காலத்தில் நல்ல மனதோடு கூட்டிப் பார்த்தவர்தான். ஒரு கல்யாணச் சீருக்குப் பெண் பெயர் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நன்றாக இருக்குமே என்று பத்திரிகையைப் பார்த்து மாப்பிள்ளை பெயரையும் முப்பது பாத்திரத்தில் வெட்டிவிட்டார். மறு வாரம் கல்யாணம் நின்றுபோனது. அன்றோடு பாய் யோசிப்பதை விட்டுவிட்டார்.

வெப்சைட்டில் பெயருக்கென்று ஒரு கட்டம் வைக்கச் சொல்லியிருந்தோம். வைத்தார்கள். ஆனால் அதன் மேலே 'பெயர்' என்று போடாமல், 'இங்கே எழுதவும்' என்று மட்டும் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் மனதில் இருந்ததை எழுதினார்கள். நான் அதைச் சீட்டில் எடுத்து பாயிடம் கொடுத்தேன். கூட்டமான நாளில் யார் படித்துப் பார்ப்பது? சேலத்துக்காரர் ஒருவருக்கு 'சீக்கிரம் அனுப்பவும்' என்று அழகாக வெட்டி ஆறு டம்ளர் அனுப்பிவிட்டோம். அவர் வெப்சைட்டில் ஒரே ஒரு ஸ்டார் போட்டார். அதைப் பெங்களூரில் இருந்து அண்ணன் படித்துவிட்டு, "பொங்கல் வருதும்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று சேலத்துக்காரருக்குப் போன் செய்தேன். மனுஷன் கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னார்: "நான் ஒரு தடவைதாங்க சொன்னேன். நீங்க ஆறு தடவை சொல்லியிருக்கீங்க."

லால்குடி தூக்குவாளி

கட்டத்தை உடனே மாற்றச் சொல்லி தில்லைநகருக்குப் போன் செய்தேன். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் ஒரு தூக்குவாளி கிளம்பிப் போய்விட்டது. வாங்கியவர் லால்குடியில் விஜயா என்று ஒரு டீச்சர். வேலைக்குப் போகிறவர், கூரியர்காரர் வரும்போது வீட்டில் இருக்க மாட்டார். ஆகவே கட்டத்தில் 'கதவு பூட்டியிருந்தால் எதிர்வீட்டில் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தார். பாய் அதை வாளியின் வயிற்றில் முத்து முத்தாக வெட்டியிருந்தார். நான் இதைக் கண்டுபிடித்தபோது வாளி லால்குடி போய்ச் சேர்ந்திருந்தது. இன்னொரு ஒற்றை ஸ்டார் வந்தால் கடை அவ்வளவுதான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து நாள் கழித்து டீச்சரே போன் செய்தார். எடுத்ததுமே, "வேற அனுப்பிடறோம் டீச்சர், மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் என்னைப் பேச விடவில்லை. அந்த வாளியில் பாயசம் ஊற்றி, தெருக்கோடியில் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தாராம். அந்த வீட்டம்மா வாளியைத் திருப்பித் தர வந்தபோது டீச்சர் வீடு பூட்டியிருக்கிறது. திரும்பப் போகலாம் என்று நினைத்தவர் வாளியைப் பார்த்திருக்கிறார், அதில் எழுதியிருக்கிறது. நேராக எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டீச்சர் வீட்டில் இருந்து வெளியே போன பாத்திரம் கேட்காமல் திரும்பி வந்தது அதுதான் முதல் தடவையாம். "இத்தனை வருஷமா என் பேரு வெட்டின பாத்திரம் எல்லாம் ஊர் பூரா இருக்கு, ஒண்ணும் வீடு வந்து சேரல. இதே மாதிரி எழுதி இன்னும் நாலு அனுப்புங்க, எங்க ஸ்டாஃப் ரூம்லயும் எல்லாரும் கேக்கறாங்க."

பெயர் போய் லெட்டர்

தில்லைநகருக்கு மறுபடியும் போன் செய்து, கட்டத்தைத் தொட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வாளி வீடு திரும்பிய கதையைச் சொன்னேன், அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் ஆர்டர் வர ஆரம்பித்தது. டீச்சர்கள் சொல்லி டீச்சர்கள், அவர்கள் சொல்லி அவர்களுடைய நாத்தனார்கள். 'காலியாகத் திருப்பித் தர வேண்டாம்' என்று ஒரு கிண்ணம். 'இது ஹாஸ்டல் தட்டு இல்லை, என் தட்டு' என்று ஒரு தட்டு. கணவர் துபாயில் இருக்கும் ஒரு பெண், அவருக்குக் கொடுத்தனுப்பும் டிபன் டப்பாவின் மூடிக்கு உள்பக்கம், 'சாப்பிட்டாச்சா?' என்று வெட்டச் சொன்னார்.

மெஷின் காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓயாமல் இரைந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முந்தி பேரு வெட்டினேன். இப்ப அல்லாஹ் புண்ணியத்துல ஊருக்கெல்லாம் லெட்டர் எழுதறேன்."

பொங்கல் பானை

இவ்வளவு நடந்தும் கெடு கெடுவாகத்தான் இருந்தது. பொங்கலுக்கு நாலு நாள் முன்புவரை அண்ணனிடம் இருந்து ஒரு வார்த்தை இல்லை. செல்போன் கடைக்காரர் ஒருவர் வந்து, டேப் பிடித்து வாசலை அளந்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டுவிடலாம் என்று நான் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பொங்கல் ஆர்டர்கள் வேறு குவிந்திருந்தன. சீட்டுகளைப் படிக்காமலேயே கட்டாக பாயிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போகிக்கு முதல் நாள் பாய் ஒரு பெரிய பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். "இதை எங்க அனுப்பறதும்மா? விலாசம் நம்ம கடையாவே இருக்கு" என்றார். ஆர்டர் கொடுத்தவர் பெயரைப் பார்த்தேன். பெங்களூர் அண்ணன். பானையைத் திருப்பினேன். கழுத்தைச் சுற்றி இரண்டு வரி. 'பொங்கலுக்குப் பிறகும் கடை இருக்கட்டும். குடத்துப் படத்தில் இருந்து தம்பியை எடுக்கவும்.' எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "பாய், இவ்வளவு பெரிய விஷயத்தை வெட்டியிருக்கீங்க, வெட்டும்போதே ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?" என்றேன். பாய் ஒன்றும் நடக்காத மாதிரி மெஷின் பக்கம் திரும்பினார்: "நான் சீட்டுல இருக்கறதை வெட்டறவன்மா. ஆனா ஒண்ணு, வெட்டினதை இனி அவரே நினைச்சாலும் அழிக்க முடியாது."

பாத்திரக்கடை ஆன்லைனில் ஜெயித்தது எப்படி என்று யார் கேட்டாலும் எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஜெயித்துவிட்டோம் என்பதற்குப் பானையில் எழுத்து இருக்கிறது.