கட்டம் போட்டுப் பார்த்தவர்

அலுவலகத்தில் அவருக்குக் 'கட்டம்' என்று பெயர். முகத்துக்கு நேரே என்றால் 'கட்டம் சார்'. மருந்துப் பெட்டிக்குள் மடித்துச் செருகியிருக்குமே பொடியெழுத்துக் காகிதம், பெட்டியைத் திறந்ததும் நாம் கசக்கி எறிவது, அது அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பது அவர் வேலை. மருத்துவர்கள் ஒப்புதல் தந்த மூலம் ஒரு பக்கம், அச்சகம் கோத்து அனுப்பிய படி மறுபக்கம். இரண்டையும் அலங்காரம் நீக்கி வெறும் எழுத்தாக்கி, ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் ஒருவரும் படிக்காததை எழுத்தெழுத்தாகப் படித்தே தலை நரைத்தவர்.

பெயர் வந்தது அவருடைய கணினியால். மற்றவர்கள் திரையில் ஜன்னல்கள் மேசைமேல் இறைந்த காகிதம்போல் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். இவர் லினக்ஸ்காரர். அங்கே ஜன்னல்களை அடுக்கும் ஆளைக்கூட நாமே பார்த்து அமர்த்திக்கொள்ளலாம். அந்த ஆள் ஒரு மென்பொருள்தான்; அதில் டைலிங் விண்டோ மேனேஜர் என்று ஒரு சாதி உண்டு. தரையில் டைல் பதிப்பதுபோலத் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எதன்மேலும் எதுவும் ஏறாமல் வைக்கும். மௌஸ் வேண்டாம், எல்லாம் கீபோர்டிலேயே முடியும்.

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல பாத்துடணும்னு பேராசை சார் உங்களுக்கு," என்பார் பக்கத்து மேசைக்காரர். "இந்த சாஃப்ட்வேரைத் தேடின மாதிரி பொண்ணு பாக்கக்கூட அலைஞ்சிருக்க மாட்டீங்க."

"அதுல எனக்குத் தேர்வே இல்லப்பா. அவங்கதான் என்னைப் பாத்தாங்க," என்று இவரும் சிரித்து வைப்பார்.

உண்மை நேர்மாறு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்ப்பது போகட்டும், திரையின் கால்வாசிக்கு மேல் அவருக்குத் தெரிவதே இல்லை. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி அதன் வழியே பார்ப்பதுபோல்தான் அவர் பார்வை. ஓரம் முதலில் போகும், நடு கடைசியில் போகும் என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். மருந்து இருக்கிறதா என்று கேட்டதற்கு அவர் தலையசைத்த திசையைச் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் காகிதங்களோடே வாழ்ந்தவருக்கு, காகிதம்கூட இல்லாத வியாதி.

இது தெரிந்த ஒரே ஆள் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். செய்தி கேட்ட அன்று அவர் அழவில்லை; ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "ஆபீஸ்ல சொல்லிடுங்க. வேற எதாவது வேலை குடுப்பாங்க," என்றார். கட்டம் கேட்கவில்லை. சரிபார்க்கிறவருக்குக் கண் தெரியவில்லை என்பது, பாடகருக்குக் குரல் போனதைப்போல விடுப்பு எடுத்துச் சரிசெய்கிற விஷயமா?

ஆக, அவர் தேடியது பார்க்க உதவும் மென்பொருளை அல்ல. தேடாமலே இருக்க உதவுவதை. ஜன்னல் எங்கே திறந்தது என்று குழாயைத் திருப்பித் திருப்பித் துழாவினால் பக்கத்து மேசைக்குத் தெரிந்துவிடும். வைத்தது வைத்த இடத்தில் இருந்தால் போதும். கண் போக வேண்டிய இடத்தைக் கை சொல்லிவிடும். முதலில் போட்டுப் பார்த்தது, புதிதாக எது திறந்தாலும் பெரிய கட்டத்தை அதற்குக் கொடுத்துவிட்டுப் பழையதை ஓரங்கட்டியது, புது மாப்பிள்ளை வந்த வீடுமாதிரி. இன்னொன்று அண்ணன் தம்பி சொத்துப் பிரித்த கதையாகப் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு வரி தெரியும் அளவுக்கு மூலை ஒதுக்கியது. மூன்றாவதாக வந்தது அழகே இல்லாத ஒன்று. சொன்னால் ஒழிய எதையும் நகர்த்தாது. அதைக் கட்டிக்கொண்டார். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் படி, கீழே அகராதியும் கடிதங்களும். ஜன்னலின் தலையில் கோப்பின் பெயர் காட்டும் பட்டையைக்கூட இடம் வீண் என்று எடுத்துவிட்டார். பெயர் எதற்கு, இடம் தெரிந்தால் போதாதா.

பல வருடம் ஓடியது. குழாய் ஒடுங்கியது. கீழ்க்கட்டங்கள் ஒவ்வொன்றாகப் போய், இடமும் வலமும் மிஞ்சின. பிழை பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பேர்மட்டும் வளர்ந்துகொண்டே போனது. குழாய் வழியே பார்க்கிறவன் ஒரு சொல்லையும் தாண்டிப் போக முடியாது.

பிறகு அலுவலகம் எல்லாக் கணினியையும் மாற்றியது. புதியதில் அந்தப் பழைய அழகில்லாதது ஓடாது என்று சிஸ்டம் பிரிவில் சொல்லிவிட்டார்கள். வேறு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அன்று மதியத்துக்குள். பழையதைப் போலவே நடந்துகொள்ளும் என்று பலரும் எழுதியிருந்த ஒன்றை எடுத்தார். அதன் விளக்கக் குறிப்பு நீளமானது. பொடியெழுத்தைக் கடைசி வரி வரை படிப்பதையே தொழிலாகக் கொண்டவர் அதை முக்கால்வாசியோடு விட்டார். அவர் கண்ணுக்கு அன்று அவ்வளவுதான் முடிந்தது.

அந்த வாரமே குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து ஒன்றின் காகிதம் வந்தது. படித்துக்கொண்டிருக்கும்போது முந்தைய பக்கத்தைப் பார்க்க மூலத்தையே இன்னொரு முறை திறந்தார். இந்த மென்பொருள் திரையில் இரண்டு கட்டம்தான் காட்டும். மூன்றாவது வந்தால் இருப்பதில் ஒன்றைப் பின்னால் அனுப்பும். அச்சகத்தின் படி பின்னால் போனது; பெயர்ப் பட்டை இதிலும் இல்லாததால் அவருக்கு அது தெரியவில்லை. இடப்பக்கம் மூலம், வலப்பக்கமும் மூலம். அவர் ஒரு மாலை முழுக்க மூலத்தை மூலத்தோடு ஒப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டை மாற்றாமலே சொன்னார்: "இன்னைக்கு ஒரு பிழைகூட இல்ல. கமாகூடச் சரியா இருந்துச்சு."

"அது அவங்க நல்லா கோத்திருக்காங்கன்னு அர்த்தமா, உங்க கண்ணு நல்லாருக்குன்னு அர்த்தமா?"

"ரெண்டாவும் இருக்கக்கூடாதா?"

மனைவி தட்டை எடுத்து வைத்தார். அன்று கட்டம் வழக்கத்தைவிட ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

அச்சுக்கு அனுப்புமுன் மேலாளர் அம்மாள் ஒரு தடவை புரட்டிப் பார்த்தது யாரோ பிள்ளைகளின் நல்ல நேரம். 'அரைத் தேக்கரண்டி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தேக்கரண்டி' என்று இருந்தது. காகிதத்தோடு கட்டத்தின் மேசைக்கே வந்து வலப்பக்கம் நின்று நீட்டினார். கட்டம் எதிர்ப்பக்கம் திரும்பி, "சொல்லுங்க மேடம்," என்றார்.

"நான் இங்க இருக்கேன்."

"தெரியுது மேடம்," என்றார், இன்னும் கொஞ்சம் தப்பான திசையில்.

எப்படிப் பார்த்தீர்கள் என்று காட்டச் சொன்னார் மேலாளர். திரையில் எல்லாம் நேற்று விட்டபடியே இருந்தது. மேலாளர் இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே சார்," என்றார் மெதுவாக.

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார். அவருக்கு எல்லாம் இப்போதுதான் விளங்கியது. விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் பேசினார். "புது சாஃப்ட்வேர் பண்ண வேலை மேடம். ஜன்னலைத் தானா மாத்திப் போட்டிருக்கு. யாரா இருந்தாலும் ஏமாந்துருப்பாங்க."

மேலாளர் யோசித்தார். கெட்டவர் அல்ல. "அப்படின்னா அப்படியே எழுதிக் குடுங்க சார். பழைய மாதிரி ஒண்ணு போட்டுத் தரச் சொல்றேன். இதோட விட்டுடலாம்."

விட்டிருக்கலாம். அடுத்த காகிதத்தில் எந்த 'அரை' விழுமோ, அதுவரை நாற்காலி அவருடையதாக இருந்திருக்கும். கட்டம் வலப்பக்கம் கையை நீட்டி, காற்றில் ஒரு தடவை தப்பி, அந்தக் காகிதத்தை வாங்கினார்.

"அது மேல தப்பில்ல மேடம். அது குறிப்புல சொன்னபடிதான் செஞ்சிருக்கு. கண்ணு இருக்கிறவன் வலப்பக்கம் திரும்பின உடனே பாத்திருப்பான். எனக்குத் தெரியல. ரொம்ப நாளாவே தெரியல."

நேர்மைக்குப் பாராட்டு கிடைத்தது, வேலை நிலைக்கவில்லை. தொலைபேசி எடுக்கும் இடம் காலியானால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். அப்படிக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை.

வீட்டில் அவர் மறுபடி தேர்வில் இறங்கினார். இந்த முறை அளவுகோல் வேறு: திரையை வாய்விட்டுப் படித்துக் காட்டும் குரல் எதோடு ஒத்துப்போகும்? விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். அந்தக் குரலுக்குக் கட்டங்களோடு தகராறு, ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் அந்தச் சாதாரணத் திரையோடுதான் அது நன்றாகப் பேசும் என்றார்கள். ஆயுள் முழுக்க அவர் குப்பைமேடு என்று ஏசிய திரை. பார்க்காதவனுக்கு எது எதன்மேல் கிடந்தால் என்ன.

மனைவிதான் அவர் சொல்லச் சொல்லப் போட்டுக் கொடுத்தார். முடித்ததும் குரல் பேச ஆரம்பித்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல், கோப்பு, திருத்து, பார்வை, உதவி என்று பட்டியலை மேலிருந்து வாசித்தது. முடிந்ததும் மீண்டும் மேலிருந்து தொடங்கியது. அவர் விரல்கள் கீபோர்டில் பழகிய இடங்களுக்குப் போயின. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்தக் குரல் இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

"நிறுத்துங்களேன், காது வலிக்குது," என்றார் மனைவி.

"எந்தக் கீன்னு தெரியல."

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் தெரியாது. குரல் மறுபடியும் 'கோப்பு' என்று தொடங்கியது.