அக்கா ஓட்டிய பேருந்து

"ஆலப்பாக்கம் எறங்குறவங்க முன்னாடி வாங்க." அக்கா இப்படிக் கூவியது கடலூர்ச் சாலையில் அல்ல, ஒரு கணினி விளையாட்டுக்குள். திரையில் விரிந்திருந்தது ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை நகரம். அதன் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே சிவப்புப் பேருந்து ஒன்றை ஓட்டிக்கொண்டு, அந்தத் தெருக்களுக்கெல்லாம் செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என் பெரியம்மா மகள். சிதம்பரத்தில் வீடு, செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. கடலூரில் இருந்த நான் அந்த விளையாட்டுக்காக ஒரு சர்வர் நடத்திவந்தேன். நூறு பேர் ஒரே நேரத்தில் அந்த நகரத்துக்குள் வரலாம்; போலீஸாகவோ திருடனாகவோ டீக்கடைக்காரனாகவோ இருக்கலாம்; மைக்கில் பேசிக்கொள்ளலாம். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது அட்மினான என் கையில். ஆரம்பத்தில் ஆள் சேராததால் எண்ணிக்கைக்காகத்தான் அக்காவை அழைத்தேன்.

எப்போதும் புதிதாக எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் கூட்டம் நிற்கும் என்று நம்பினேன். புதுக் கார் இறக்கினால் நான்கு நாள் கூட்டம். ஐந்தாம் நாள் சலித்துவிடும். அக்காவின் பேருந்து மட்டும் சலிக்கவில்லை. முந்தின நாள் காய்ச்சல் என்று சொன்னவனிடம் இன்று தேவலையா என்று கேட்பாள். ஒருநாள் வண்டி பழுதாகிவிட்டதென்று சொல்லி எல்லோரையும் இறங்கித் தள்ளவைத்தாள். வங்கியைக் கொள்ளையடித்துவிட்டு வந்த கும்பல், கையில் துப்பாக்கியோடு அவளுடைய நிறுத்தத்தில் வரிசையில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அவளுக்கு வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்துத்தான் பலரும் உள்ளே வந்தார்கள். இதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒருவன் வந்தான். தன் விளையாட்டை நேரலையில் காட்டிப் பெயர் வாங்கியவன். அவன் பின்னாலேயே புது ஆட்கள் குவிந்தார்கள். ஒரு சாயங்காலம் அக்காவின் பேருந்தில் ஏறியவன், முதலில் அவள் குரலைக் கிண்டல் செய்தான். பிறகு கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். அதற்குப் பின் அவன் பேசியவற்றை இங்கே எழுத மாட்டேன். பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா வண்டியை ஓரங்கட்டினாள். வண்டி வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு, "எறங்குங்க," என்றாள்.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் அவன் வெளியே போயிருப்பான். அவனோடு கூட்டமும் போய்விடுமே என்று கை வரவில்லை. பயணியைப் பாதி வழியில் இறக்கிவிட்டாள் என்று அவன் புகார் கொடுத்தான். அப்படி இறக்கினால் தடை என்றுதான் விதி இருந்தது; நான் எழுதிய விதி. அக்காவுக்கு மூன்று நாள் தடை போட்டேன். அவள் போனில் கேட்டபோது, அன்று நான் உள்ளே வரவேயில்லை, வேறு அட்மின் செய்த வேலை என்று சொல்லிவிட்டேன்.

தடை முடிந்தும் அவள் வரவில்லை. ஒரே மாதத்தில் அவனும் வேறு சர்வர் பார்த்துப் போனான். பேருந்துக்காக வந்தவர்கள் அதற்கு முன்பே போயிருந்தார்கள். புதுக் கார், புதுத் தீவு, மழை, வெள்ளம் என்று என்னென்னவோ சேர்த்தேன். எட்டுப் பேர் வந்தார்கள், பிறகு மூன்று பேர்.

போன மாதம் சிதம்பரம் போய் அக்காவைத் திரும்ப வரச்சொல்லிக் கேட்டேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"அன்னைக்கு நீ உள்ள இருந்தியாடா?"

"இல்லக்கா."

அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யார் யார் இருக்காங்கன்னு திரையில காட்டுதுல்ல? உம்பேரும் இருந்துச்சு. நீ எதாச்சும் சொல்லுவன்னுதான் வண்டிய நிறுத்திட்டு அவ்ளோ நேரம் உக்காந்திருந்தேன்."

அவள் இன்னொரு தோசையை எடுத்து என் தட்டில் வைத்தாள். அதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.