பிறந்த வீட்டு வாசக்கால்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். வீட்டிலும் தெரியும், அலுவலகத்திலும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பிறந்த ஊரான கீழ்பென்னாத்தூரில் அண்ணன் சொன்னதைக் கேட்டதும் கோபம்கூட உடனே வரவில்லை. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அண்ணன் கான்கிரீட் வீடு கட்டத் தொடங்கியிருந்தார். அதே சமயத்தில் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில் நானும் கணவரும் கட்டும் வீட்டுக்கும் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. நிலத்தில் பங்கு கேட்கவில்லை, மனையில் பங்கு கேட்கவில்லை. பழைய வீட்டின் தலைவாசல் நிலையை மட்டும் எனக்குக் கொடு என்றுதான் கேட்டேன். நல்ல தேக்கு. மேல்சட்டத்தின் நடுவில் லட்சுமி உட்கார்ந்திருப்பாள், இரண்டு பக்கமும் யானை. கால்களில் கொடியும் கிளியுமாகச் செதுக்கியிருப்பார்கள். அம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

"வாசக்காலைக் குடுக்க முடியாதும்மா. வேற எது வேணா கேளு" என்றார் அண்ணன்.

"ஏன், புது வீட்டுக்கு வெக்கப் போறியா?"

"இல்ல. நமக்கு இரும்புக் கதவு. இத பழைய மரம் வாங்கறவன் கேட்டான், எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

"யாரோ ஒருத்தனுக்குக் குடுப்பே, எனக்குக் குடுக்க மாட்டியா?"

"அவன் வெளியாளு. நீ இந்த வீட்டுல பொறந்த பொண்ணு. மேல லட்சுமி இருக்குது பாரு. பொண்ணு வாசக்காலை எடுத்துக்கினு போனா வீட்டு லட்சுமியும் பின்னாலயே போயிடும். வித்தா அது வெறும் மரம். உனக்குக் குடுத்தா லட்சுமி."

இதைக் கேட்டீர்களா? விற்றால் மரம், கொடுத்தால் லட்சுமி! அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு வேர்க்கடலை தொடர்ந்து கைவிட்டிருந்தது, போர்க்கிணறு வற்றியிருந்தது, எதைத் தொட்டாலும் பயந்துகொண்டிருந்தார். அதெல்லாம் எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. அந்த வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன், அந்த வாசல் வழியாகத்தான் மாலையோடு வெளியே வந்தேன். அது என் வாசலும்தான் என்று அவர் வாயால் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. சொல்லவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

பஸ் திருவண்ணாமலை வந்து சேர்வதற்குள் அழுகை நின்று பிடிவாதம் வந்துவிட்டது. விற்றால் வெறும் மரம்தானே? சரி, விற்கட்டும். வாங்கிக்கொள்கிறேன்.

விசாரித்ததில், அண்ணனிடம் மரம் வாங்கியவரின் கடை செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் தங்கும் பகுதியைத் தாண்டி இருந்தது. தகரக் கொட்டகைக்குள் எத்தனையோ வீட்டுத் தூண்கள், ஜன்னல்கள், அலமாரிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எங்கள் நிலையை எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பொங்கலுக்குப் பொங்கல் அப்பா அடித்த பச்சை எனாமல் பெயிண்ட் தட்டுத் தட்டாக அப்பியிருந்தது. லட்சுமியின் மூக்கு மட்டும் கொஞ்சம் உடைந்திருக்கும். கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன்.

"அது போயிடுச்சிம்மா" என்றார் கடைக்காரர். "இங்க ஒரு காபி கடைக்காரர் சொல்லி வெச்சிருக்கார். மேல்சட்டத்த மட்டும் அறுத்து, படுக்கப் போட்டு, மேல கண்ணாடி வெச்சு டீப்பாய் பண்ணப் போறாராம். வர்றவங்களுக்கு அதெல்லாம் ரொம்பப் புடிக்குமாம்."

"டீப்பாயா? காலைத் தூக்கி வெச்சுக்கினு காபி குடிப்பாங்களே, அதா?"

"ஆமாம்மா."

"ஏங்க, அது யாருன்னு பாத்தீங்களா? கஜலட்சுமி! எங்கம்மா மஞ்சள் பூசிக் கும்பிட்ட சாமி. அது மூஞ்சிக்கு நேரா எவனோ காலை நீட்டுவான், நீங்க காசை வாங்கிக் கல்லாவுல போட்டுக்குவீங்களா? உங்க வீட்டுல பொம்பளைங்க வெளக்கு ஏத்தறதில்ல?"

நான் கத்தியதில் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் முகம் சுருங்கிப் போயிற்று. கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த லட்சுமி படத்தை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்து, "அவருக்கு வேற ஜன்னல் சட்டம் தர்றேன்னு சொல்லிட்டேன். எடுத்துக்கினு போங்கம்மா, இங்க நின்னு சாபம் உடாதீங்க" என்றார். பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரி. அன்றைக்குப் பேசவே இல்லை. கேட்டதைக் கொடுத்தேன்.

குட்டியானை வண்டியில் நிலை வந்து இறங்கியதும் என் கணவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் உயரமானவர். நிலையைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார். "இதுல நான் நுழையணும்னா தெனமும் கும்பிடு போட்டுக்கினேதான் நுழையணும்" என்றார்.

"போடுங்க, நல்லதுதானே."

ஆசாரி வந்து தட்டிப் பார்த்தார். இரண்டு காலின் அடியிலும் கரையான் அரித்திருந்தது. கெட்டதை அறுத்துவிட்டுப் புது மரம் ஒட்டுப் போட வேண்டும், அப்போதே கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம் என்றார். அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். கணவர் மண்டையும் எனக்கு வேண்டுமே. மற்றபடி, பெயிண்ட்டை மிஷின் வைத்து இழைத்துத் தள்ளிவிடலாம் என்றதற்கு ஒரே பேச்சாக முடியாது என்று சொல்லிவிட்டேன். மிஷின் பட்டால் கிளியின் அலகும் போகும், லட்சுமியின் விரலும் போகும்.

பெயிண்ட் ரிமூவரும் உப்புத்தாளும் வாங்கி வைத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். கலெக்டர் ஆபீசிலிருந்து வந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு நேராகக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விடுவேன். இடுக்குகளில் ஊக்கு வைத்துச் சுரண்டினேன். நகம் எல்லாம் பச்சை. சாப்பிடும்போது விரல் எரியும். "ஒரு மரத்துக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார் கணவர். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு நாள் அவரும் ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு யானைப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். பச்சை போய், அதற்கடியில் இருந்த நீலம் போய், கடைசியில் தேன் நிறத்தில் மரம் வந்தது. எண்ணெய் தடவியதும் என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. மூக்கை ஒட்டித் தரட்டுமா என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த மூக்கோடுதான் அவளை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் வாசக்கால் நிறுத்தும் நாளில் பெண்ணின் பிறந்த வீட்டார்தான் நிலைக்குப் புதுத்துணி கட்ட வேண்டும். அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். எந்த வாசக்கால் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தாம்பாளத்தில் துணி, தேங்காய், பழம், பூ எல்லாம் எடுத்துக்கொண்டு வேளைக்கு முன்பே வந்தார். நிலைக்கு எதிரில் வந்ததும் நின்றுவிட்டார். பெயிண்ட் போயிருந்தாலும் அவருக்குத் தெரியாதா?

"இது நம்மளுது" என்றார் மெதுவாக.

"ஆமாண்ணா."

"குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"நீ எங்க குடுத்தே? நான் வாங்கினேன்."

மேஸ்திரி நேரம் போகிறது என்றார். சுற்றி எல்லோரும் மஞ்சள் தண்ணீரும் நவதானியமுமாக நின்றார்கள். அண்ணன் துணியைக் கட்டினார், பூவைச் சாத்தினார், தேங்காய் உடைத்தார். நிலை நிமிர்ந்து நின்றதும் தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அவர் பைக் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு பக்கம், அண்ணனைச் சாப்பிடாமல் அனுப்பிவிட்டேனே என்று ஒரு பக்கம்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்தார். ஆனால் சமையல்காரர்கள் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்த பின்வாசல் வழியாக வந்தார். கூட்டத்தில் தெரியாமல் வந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. அதற்கப்புறம் எப்போது வந்தாலும் பின்வாசல்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் முடித்துவிட்டுக் காலையில் எங்கள் வீட்டுக்கு வருவார். சுவரோரமாகச் சுற்றி வந்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் செருப்பை விட்டு, சமையலறை வழியாக நுழைவார். வேர்க்கடலை கொண்டு வருவார், பிள்ளைகளிடம் சிரித்துப் பேசுவார், என்னிடமும் பேசுவார். முன்வாசலைப் பற்றி ஒரு சொல் இருக்காது. கூடத்தில் உட்காரும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "உங்க அண்ணன் பால்காரர் கணக்கா வர்றாரே" என்று கணவர் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு பௌர்ணமி மறுநாள், பின்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் பூட்டும் போட்டேன்.

தட்டினார். நான் அடுப்பிலிருந்து நகரவில்லை. "ஏம்மா, பின்னாடி பூட்டியிருக்குது" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தார்.

"நான்தான் பூட்டினேன். முன்னாடி வாண்ணா."

கணவர் கையைப் பிசைந்துகொண்டு என் பின்னால் வந்து நின்றார். "மலையச் சுத்திட்டு வந்திருக்காரு, கால் வலிக்கும். தொறந்து உடேன்."

"மாட்டேன். அவர் இந்தப் பக்கமா வந்து என் வீட்டுல ஒரு வாய் காபி குடிக்கக் கூடாது."

கல்லின் மேல் உட்கார்ந்த சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து கால் கழுவிய சத்தம் கேட்டது. போய்விடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. போனால் போகட்டும் என்று வாய்தான் சொல்லியது. பாலை இறக்கி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றேன்.

சுவரைச் சுற்றிக்கொண்டு அவர் முன்பக்கம் வந்தார். ஈரக்காலோடு வாசப்படிக்கு வெளியே நின்றார். தலையைத் தூக்கி லட்சுமியைப் பார்த்தார். நிலையின் காலில், கிளிக்கு மேலே கையை வைத்தார்.

"உள்ள வரலாமா?" என்றார்.

"இன்னாண்ணா கேள்வி இது?"

"உன் வாசலாச்சே. கேட்டுட்டுத்தான் வரணும்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை பாடும். வந்ததும் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் தான் பிறந்த வீட்டு வாசலில் என் அண்ணன் யாரோ ஊர்க்காரர் மாதிரி அனுமதி கேட்டுக்கொண்டு வெளியே நிற்கிறார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"நம்ம வாசல்ண்ணா" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.