இறங்குவதற்கான படம்

எங்கள் மாவட்டத்துப் பாறைகளில் ஏற வழி சொல்லும் புத்தகம் ஒன்று அச்சுக்குப் போகவிருந்தது. எழுதியவர் ஏனாத்தூரில் கல்லூரி ஆசிரியை; ஞாயிறுதோறும் எங்களோடு பாறை ஏற வருபவர். அச்சுக்கு முன்னால் சோதித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் ஐந்தாவது வரை படித்த நெசவாளி, நாலு பேர் நடுவே வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன்.

"நீங்க எழுத்துக் கூட்டிப் படிச்சு வழி கண்டுபிடிச்சிட்டா, யாரு வேணும்னாலும் கண்டுபிடிச்சிடுவாங்க அண்ணா" என்றார்.

அதில் எனக்கு வருத்தமில்லை. கட்டம் போட்ட டிசைன் தாளைப் பார்த்து முந்தானை நெய்கிறவனுக்குப் பாறைப் படம் பெரிய காரியமா?

அதுவரை ஏறாத ஒரு பாறைக்குப் போனேன். கூட வந்தவர் லாரி மெக்கானிக், என் வயதுக்காரர், வாய் ஓயாதவர். புத்தகம் சொன்ன இடத்தில் புளியமரம் இருந்தது. அதற்கு நேரே விரிசலும் இருந்தது. அதில் விரல் எதுவரை நுழையும் என்று எழுதியிருந்ததுகூடச் சரி. விரிசல் முடிந்ததும் படத்தில் கோடு இடப்பக்கம் திரும்பியது. நான் வலப்பக்கம் திரும்பி, பிடிக்க ஒன்றுமில்லாத வழவழப்பில் போய் நின்றேன்.

கீழே கயிற்றைப் பிடித்திருந்த மெக்கானிக், "யோவ், பாறை ஏறுறியா, புடவை நெய்யுறியா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். என் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நான் பார்ப்பது பின்பக்கத்தை. இத்தனை வருடப் பழக்கத்தில், எந்தப் படத்தைப் பார்த்தாலும் மனம் தானாக இடம் வலம் மாற்றிக்கொள்ளும். தப்பு என் மேல்தான், புத்தகத்தின் மேல் இல்லை. திரும்பி வந்து கோட்டின்படி போனேன். இருவரும் உச்சி சேர்ந்தோம்.

இறங்குவதற்குத் தனிப் படம். உச்சியிலிருந்து இரண்டு சரிவுகள். ஒன்று ரோட்டுக்குப் போகும், மற்றது கொஞ்ச தூரத்திலேயே செங்குத்தாக அறுந்துவிடும். மெக்கானிக் படத்தைப் பார்த்தபடி இடப்பக்கம் நடந்தார். என் கால் வலப்பக்கம் போனது. மறுபடியும் பழைய புத்தியா என்று நின்றேன். ஆனால் படத்தில் வழியை ஒட்டி இருந்த பிளந்த குண்டுக்கல், என் பக்கம்தான் இருந்தது. படம் கீழே ரோட்டில் நின்று எடுத்தது. மேலே நிற்பவனுக்கு எல்லாமே மாறிவிடும்.

"நில்லுய்யா" என்றேன். நான் அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை. நின்றுவிட்டார். நாலடி முன்னால் பாறை முடிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு டீக்கடையில், எல்லோரும் இருக்கும்போதே ஆசிரியையிடம் சொன்னேன். ஏறும் பக்கங்களை நம்பி யாரும் போகலாம், இறங்கும் படம் மட்டும் அச்சாகக் கூடாது என்று. மலை தெரிந்த பலர் பார்த்துச் சரி என்றார்களே என்றார் அவர்.

"தெரிஞ்சவங்க படத்தைப் பார்க்காமலே இறங்கிடுவாங்கமா. தெரியாதவன் உச்சியில நின்னுக்கினு பார்ப்பான். அங்கிருந்து எடுத்ததைப் போடுங்க."

அவர் அன்றே கேமராவோடு ஏறினார். வழி தெரிய ஒரு ஆள் சரிவில் நிற்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இப்போது நான் இருக்கிறேன், குண்டுக்கல்லைத் தாண்டி, முதுகைக் காட்டி இறங்கிக்கொண்டு.