இமாஸ் வாங்கிய நீலப் பேருந்து

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் அலுமினிய ஜன்னல் மாட்டிப் பிழைக்கும் யாயானுக்குச் சொந்தமாக ஒரு தெருவே இருந்தது. பலகைமேல் ஒரு சாலை, பெட்டிக்கடை, விரல்கணு உயரத்தில் மனிதர்கள், வரிசையாகக் கார்கள். எல்லாம் அறுபத்துநாலில் ஒன்று. அதாவது, அறுபத்துநாலு பொம்மைக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஒரு நிஜக் காரின் நீளம் வரவேண்டும். வராத பொம்மையை அவர் வாசற்படி ஏற்றமாட்டார். சந்தையில் ஸ்கேலும் கையுமாக நின்று வகுத்துப் பார்த்துத்தான் வாங்குவார். நண்பர்கள் ‘இன்ஸ்பெக்டர்’ என்று பேர் வைத்தார்கள். அவருக்கு அதில் பெருமை வேறு.

மனைவி இமாஸ் அவரைவிட நாலு விரல் உயரம். அவரை மரியாதையாக ‘காங்’ என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணப் போட்டோவுக்கு அவர் செங்கல்மேல் ஏறி நின்றதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய பிறந்தநாளுக்கு அவள் ஒரு பொம்மை நகரப் பேருந்து வாங்கினாள். அதே மாதிரியான நிஜ நீலப் பேருந்து ஒன்றில்தான் இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கூடும் காப்பிக் கடையில் யாயான் தெருவை விரித்ததும், ஆசையாகக் கொண்டுவந்து கார்களுக்கு நடுவே நிறுத்தினாள்.

காரும் பேருந்தும் ஒரே நீளம். பக்கத்தில் நின்ற பொம்மை மனிதனுக்குப் பேருந்தின் கூரை நெஞ்சுவரைதான் வந்தது.

“என்ன இன்ஸ்பெக்டரே, உங்க தெருவுல பஸ்ஸக் கக்கத்துல இடுக்கிட்டுப் போவாங்களோ?” என்றான் கோமர், கூட்டத்திலேயே வாய் நீளமானவன்.

யாயானுக்கு மூக்கு சிவந்துவிட்டது. “இது அளவே இல்ல, இமாஸ். டப்பாவுக்குள்ள அடங்கணும்னு சுருக்கினது. எடு மொதல்ல.”

எடுத்தாள். வீடுவரை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோறும் வறுத்த டெம்பே என்ற சோயா வில்லையும் மட்டும் தட்டில் வந்து விழுந்தன.

கடைசியில் அவரே வாயைத் திறந்தார். “தப்பான பொம்மைய நான் என்ன பண்றது?”

“என் கையில இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, காங். உங்க காருங்களுக்குப் பக்கத்துல வச்சப்புறம்தானே தப்பாச்சு?”

யாயான் அவளிடமிருந்து பேருந்தை வாங்கி அளந்தார். ஏழரை சென்டிமீட்டர். நிஜப் பேருந்து பதினோரு மீட்டர். நூற்று நாற்பத்தேழில் ஒன்று. அந்தக் கணக்கில் சக்கரம், கதவு, உயரம் எல்லாமே சரியாக இருந்தன. கூட நிற்கத்தான் ஆள் இல்லை. நாலு பேர் நடுவில் அவளைத் தலைகுனிய வைத்தோமே என்று வெட்கமாகிவிட்டது மனிதருக்கு.

அடுத்த ஞாயிறு இமாஸோடு காப்பிக் கடைக்குத் தனியாக ஒரு சின்னப் பலகை கொண்டுபோனார். அதில் ஒரு நிறுத்தம், நீலப் பேருந்து, பல்குச்சியில் செதுக்கிய இரண்டு பேர். சுண்டுவிரல் நகத்தளவு.

கோமர் குறும்பாக ஒரு காரை நீட்டினான்.

“அதக் கிட்ட கொண்டு வராத. இந்த ஊருக்குக் கணக்கு வேற,” என்று தடுத்தார் யாயான்.

இமாஸ் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “இது நான். இது நீங்க.”

“ஆமா.”

“ரெண்டு பேரும் ஒரே உசரமா நிக்கிறோமே. இது அளவே இல்ல, காங்.”

கடையே சிரித்தது. இருவருக்கும் உள்ள நாலு விரல் வித்தியாசத்தை அந்தக் கணக்கில் வகுத்தால் அரை மில்லிமீட்டர். யாயானுக்கா தெரியாது? பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார். அத்தனை பேரும் பார்க்க, தன் பொம்மையின் தலையைத் தேய்க்கத் தொடங்கினார்.

“போதும், போதும்,” என்று இமாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.